விறகு பிளக்கும் இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

வீட்டு அடுப்புக்குக் காஸ் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. "இந்தக் காலத்தில் விறகைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தோட்டத்து ஆலயத் திருவிழாவை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அன்னதானத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வேக வேண்டும். சாம்பாருக்கு ஓர் அடுப்பு, பாயசத்துக்கு ஓர் அடுப்பு. தீமிதி நடக்கும் ஆலயமானால் குழிக்கு வேறு விறகு வேண்டும். கல்யாணப் பந்தலின் பின்கட்டு, கருமாதிச் சமையல், பொங்கல் பானை எல்லாம் இன்னமும் விறகைத்தான் கேட்கின்றன.

விறகின் தேவை முழுவதும் போய்விடவில்லை. கோடாலி பிடிக்கும் கைகள்தாம் குறைந்துவிட்டன. பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கும் பெரியவர்களுக்கு முதுகு வலி, முழங்கால் வலி. ஆகவே, "ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு மிஷின் வாங்கிவிட்டால் என்ன?" என்ற பேச்சு ஆலய நிர்வாகக் கூட்டங்களில் எழுகிறது.

நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பணம் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணம். அதோடு இன்னொன்றும் உண்டு: இயந்திரத்துக்கு விறகுக் கட்டையும் ஒன்றுதான், மனிதன் விரலும் ஒன்றுதான். ஆகவே வாங்கும் முன் யோசிக்க வேண்டியவற்றையும், வாங்கிய பின் செய்ய வேண்டியவற்றையும் இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மரம், பிறகு மிஷின்

உங்களுக்கு விறகு எங்கிருந்து கிடைக்கப் போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் கடைப் படி ஏறாதீர்கள்.

நம் மக்களுக்குப் பழக்கமான விறகு ரப்பர் விறகுதான். பால்மரம் ஏறக்குறைய 25 முதல் 30 வருடம் வரை பால் தரும். பிறகு அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். முன்பு அந்த மரமெல்லாம் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக் கூடத்துக்கும் லயத்து அடுப்புக்கும் போயிற்று. 1980களிலிருந்து நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலைகள் அதைத் தேடி வாங்கத் தொடங்கின. எரிக்கத்தான் உதவும் என்று நாம் நினைத்திருந்த மரம் ஏற்றுமதிச் சாமானாகிவிட்டது. ஆகவே, "தோட்டத்து மரம்தானே" என்று கை வைக்காதீர்கள். மரம் தோட்ட நிர்வாகத்துக்கோ, வெட்டக் குத்தகை எடுத்தவருக்கோ சொந்தம். கிளைக் கட்டைகளையும் கோணல் துண்டுகளையும் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். வாய்ச் சொல்லோடு விடாமல் ஒரு துண்டுக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கப்பட்ட காட்டுப் பகுதியில் அனுமதியின்றி மரம் வெட்டுவது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டதா? செம்பனை அடிமரத்தை விறகென்று நம்ப வேண்டாம். அது நாரும் நீரும் நிறைந்தது. பிளந்தாலும் ஒழுங்காகப் பிளக்காது, எரித்தாலும் புகையத்தான் செய்யும். அப்படிப்பட்ட தோட்டத்தில் மிஷினுக்குப் போடும் பணத்தை, வெளியிலிருந்து ஒரு லாரி விறகு வாங்கப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு வேண்டும்? அளந்து பாருங்கள்

அடுத்த திருவிழாவுக்கு முன் விறகை ஒழுங்காக அடுக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். விழா முடிந்ததும் மிச்சத்தையும் அதேபோல் அளந்து கழித்துவிடுங்கள். உங்கள் ஆலயத்தின் உண்மையான தேவை தெரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த ரப்பர் விறகு, ஒரு கன மீட்டர் அடுக்கு, ஏறக்குறைய 350 முதல் 400 கிலோ இருக்கும்.

வருடத்துக்கு ஓரிரு கன மீட்டர்தான் தேவை என்றால் இயந்திரமே வேண்டாம். நல்ல பிளப்புக் கோடாலி ஒன்று, இரும்பு ஆப்பு இரண்டு, சம்மட்டி ஒன்று போதும். ரப்பர் மரம் பச்சையாக இருக்கும்போது சுலபமாகப் பிளக்கும். வெட்டிய சில நாட்களுக்குள் நான்கு பேர் ஒரு காலைப் பொழுது நின்றால் வேலை முடிந்தது.

பல ஆலயங்களோ, அண்டைத் தோட்டங்களோ சேர்ந்து வாங்குவதானால், மரத்தைத் துண்டு போட ஒரு செயின்சாவும் பிளக்க ஓர் எண்ணெய் அழுத்த இயந்திரமும் போதுமானவை. அறுப்பது, பிளப்பது, லாரியில் ஏற்றுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யும் பெரிய இயந்திரங்களும் உண்டு. அவை வாரம் தவறாமல் விறகு விற்பவர்களுக்கு. வருடத்துக்கு மூன்று முறை ஓட்டி, மற்ற நாளெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதற்கு அல்ல.

திருகாணி போன்ற கூம்பு சுழன்று கட்டைக்குள் ஏறிப் பிளக்கும் இயந்திரம் ஒன்றும் உண்டு. விலை மலிவு. ஆனால் அது சட்டை முனையையோ கையுறையையோ பற்றினால் விடாது, ஆளையே சுற்றி இழுத்துவிடும். அதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

'முப்பது டன்' என்றால் நம்பலாமா?

எண்ணெய் அழுத்த இயந்திரத்தின் வேலை எளிமையானது. எஞ்சினோ மோட்டாரோ ஒரு பம்பை ஓட்டுகிறது. பம்பு எண்ணெயை சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சிலிண்டரின் தண்டு கட்டையை ஆப்பின் மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தும் சக்தியைத்தான் டன் கணக்கில் சொல்கிறார்கள்.

கடைக்காரர் சொல்லும் டன்னை நீங்களே சரி பார்க்கலாம். சிலிண்டரின் உள் விட்டத்தையும் பம்பின் அழுத்தத்தையும் கேளுங்கள். 4 அங்குல விட்டம் என்றால் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 12½ சதுர அங்குலம். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு என்றால், 12½ × 3,000 = 37,500 பவுண்டு. அதாவது சுமார் 17 டன். 5 அங்குல சிலிண்டரானால் அதே அழுத்தத்தில் 26 டன்னுக்குச் சற்று மேலே வரும். 4 அங்குல சிலிண்டரைக் காட்டி, "இது 30 டன்" என்றால், சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

முடிச்சில்லாத, பத்து அங்குலத்துக்குட்பட்ட ரப்பர்க் கட்டைகளுக்கு 5 முதல் 7 டன் மின்சார இயந்திரமே தாங்கும். பெரிய அடிமரமும் கிளை முடிச்சும் அதிகம் என்றால் 20 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல் இயந்திரம் வேண்டும்.

மின்சார இயந்திரம் சத்தமில்லாதது, பராமரிப்பும் குறைவு. ஆனால் நம் மூன்று முள் பிளக்கு தாங்கக்கூடியது 13 ஆம்பியர்தான். 230 வோல்ட் மின்சாரத்தில் அது சுமார் 3,000 வாட். அதற்கு மேற்பட்ட மோட்டாரை சாதாரண பிளக்கில் மாட்டக் கூடாது. ஒயரை நீட்ட வேண்டுமானால் தடித்த ஒயராக வாங்குங்கள். உருளையில் சுற்றியபடியே ஓட்டினால் ஒயர் சூடேறி உருகிவிடும். முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானாக நின்றுபோகும் சுவிட்சு இல்லாத இடத்தில் மாட்டாதீர்கள். மழை தூறினால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

பழைய இயந்திரம் வாங்குவோருக்கு

கை மாறி வரும் இயந்திரங்கள் மலிவாகக் கிடைக்கும். குறைந்தது இவற்றையாவது பாருங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று பொருள். சிலிண்டர்த் தண்டு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். அதில் கீறலோ துருவோ இருந்தால் உள்ளே இருக்கும் சீல் விரைவில் கிழியும். ஆப்பு பற்றவைக்கப்பட்ட இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் கலங்கியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பிடியைக் கவனியுங்கள். நல்ல மின்சார இயந்திரங்களில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் தண்டு நகரும். ஒரு கையை எடுத்தால் நின்றுவிடும். சிலர், "வேலை ஓடவில்லை" என்று ஒரு கைப்பிடியைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய அடையாளம் இருந்தால் அதைச் சரி செய்யாமல் வாங்காதீர்கள். உங்கள் இரண்டு கைகளையும் ஆப்பிலிருந்து தள்ளி வைப்பதற்காகவே அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, சீல், வடிகட்டி, சங்கிலி ஆகியவை உங்களுக்குப் பக்கத்துப் பட்டணத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். உதிரிப் பாகம் கிடைக்காத இயந்திரம், வெறும் பழைய இரும்புதான்.

செயின்சாவுக்குச் சோறும் தண்ணீரும்

பெரும்பாலான செயின்சாக்களின் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் அதற்கு உயிர். கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பாக ஊற்றாமல் அளவுக் குப்பியால் ஊற்றுங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

பிளக்கும் இயந்திரத்தின் பெட்ரோல் எஞ்சினோ பெரும்பாலும் மோட்டார் கார் எஞ்சின் வகை. அதற்குக் கலக்காத பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெயைத் தனித் துவாரத்தில் ஊற்ற வேண்டும். இரண்டு டின்னும் மாறிவிட்டால் என்ன ஆகும்? கலக்காத பெட்ரோல் பட்ட செயின்சா சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகி நின்றுபோகும். ஆகவே இரண்டு டின்னுக்கும் இரண்டு நிறம் அடியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும் அல்லவா?

செயின்சாவின் பல்லைப் பற்றி ஒரு சுவையான செய்தி. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைப் பார்த்தார். அது தன் வளைந்த தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து, மரத்தைச் சுலபமாகச் சீவிச் சென்றது. அதே வடிவில் அவர் ஒரு சங்கிலி செய்து 1947இல் விற்கத் தொடங்கினார். இன்று நீங்கள் பார்க்கும் செயின்சாச் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழு கற்றுக்கொடுத்த பாடம்தான்!

அந்தப் பல் கூர்மையாக இருக்கிறதா என்பதை மரத்தூளே சொல்லிவிடும். சீவல் சீவலாக விழுந்தால் கூர்மை இருக்கிறது. மாவுபோல் விழுந்தால் அரம் போட வேண்டிய நேரம். இடப் பக்கப் பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் வலப் பக்கப் பல்லுக்கும் மூன்றே இழுப்பு. இல்லையேல் வெட்டு ஒரு பக்கமாகச் சாயும். மழுங்கிய சங்கிலியைப் பலங்கொண்டு அழுத்துவதுதான் விபத்துக்கு முதல் படி. சங்கிலி தகட்டிலிருந்து தொங்கக் கூடாது. கையுறை போட்ட கையால் இழுத்தால் தங்கு தடையின்றி ஓட வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகே இதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சங்கிலிக்கான எண்ணெய்த் தொட்டியில், வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புப் பொடி தகட்டையும் பம்பையும் அரித்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. தகட்டின் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கி எகிறி முகத்துக்கு வரும். முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் பிரேக், சங்கிலியை அந்த நொடியில் நிறுத்துவதற்காகவே இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று தினமும் சோதியுங்கள். தோளுக்கு மேலே தூக்கி எதையும் அறுக்காதீர்கள். தலைக்கவசம், கண்ணாடி, காது மூடி, தடித்த காலணி, காலைக் காக்கும் உறை ஆகியவற்றின் விலையையும் செயின்சா விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஊசி முனையில் ஓர் ஆபத்து

பிளக்கும் இயந்திரத்தை ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் எண்ணெய் மட்டம், குழாய்கள், மரைகள், சக்கரம் ஆகியவற்றைப் பாருங்கள். எண்ணெயையும் வடிகட்டியையும் கையேடு சொல்லும் மணிக் கணக்கில் மாற்றுங்கள். ஓடிய மணிகளைச் சுவரில் தொங்கும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நம்மவர் பழக்கம். அதை இன்றே விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய், ஊசிபோல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகமிராது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைப் பார்க்க எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அப்படி ஒரு புள்ளி கையில் பட்டுவிட்டால், "நாளை பார்க்கலாம்" என்று இராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒரு மிஷின், ஓர் ஆள்

விரல்கள் எப்படிப் போகின்றன, தெரியுமா? ஒருவர் கட்டையைப் பிடித்திருப்பார், இன்னொருவர் கைப்பிடியை அழுத்துவார். "போடு" என்று ஒருவர் சொன்னதை, "ஓட்டு" என்று மற்றவர் காதில் வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான். ஆகவே விதி இதுதான்: கட்டையை வைப்பவர்தான் கைப்பிடியையும் பிடிக்க வேண்டும். உதவிக்கு வருபவர் இயந்திரம் நின்ற பிறகுதான் நெருங்க வேண்டும்.

சேலை முந்தானை, வேட்டி, தொங்கும் துண்டு, கழுத்துச் சங்கிலி எதுவும் அருகில் வரக் கூடாது. பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். இருபது அடி தள்ளிக் கயிறு கட்டி, அதற்கு அப்பால் நிறுத்துங்கள். விறகுக் குவியலில் கை விடும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். பாம்பும் தேளும் நமக்கு முன்பே அங்கே குடி வந்திருக்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருவிழாக் கால உற்சாகத்தில் சிலர் ஒரு மிடறு குடித்துவிட்டு வருவார்கள். அவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும், எவ்வளவு அனுபவசாலியானாலும், அன்று இயந்திரத்தின் பக்கம் விடாதீர்கள். மனஸ்தாபம் வந்தால் நாலு நாளில் ஆறிவிடும்.

தவறி ஏதும் நடந்துவிட்டால், சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 999க்குப் போன் செய்யுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விரலை நேராக ஐசில் போடக் கூடாது.

கூலி கொடுத்து ஆள் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 1.6.2024 முதல் மிகப் பெரும்பாலான வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. வேலை கொடுப்பவருக்குப் பொறுப்பும் உண்டு. சொக்சோ பாதுகாப்பு யாருக்கு எப்படிக் கிடைக்கும் என்பதை வேலை தொடங்கும் முன்பே அவர்களது அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

பிளந்ததோடு வேலை முடியவில்லை. பச்சை ரப்பர் விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பின் சூடு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் போகும். மிச்சமிருப்பது புகை. அந்தப் புகையைக் கண்ணிலும் நெஞ்சிலும் வாங்கிக்கொள்வது யார்? அண்டாவின் பக்கத்தில் நிற்கும் நீங்கள்தாம்.

ஆகவே விழாவுக்கு முந்தின வாரம் விறகு பிளக்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். மூன்று நான்கு மாதம் முன்பே பிளந்து, தரையில் படாதபடி இரண்டு கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். ரப்பர்க் கட்டையை முழுசாகப் போட்டு வைத்தால் பூஞ்சையும் வண்டும் பிடித்துக்கொள்ளும். பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும். ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒரு முறை கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் விறகு தயார். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டொக்' என்று அமுங்காமல், 'டங்' என்று கேட்கும்.

பொதுச் சொத்துக்குப் பொது ஒழுங்கு

எல்லாருக்கும் சொந்தமான பொருள் யாருக்கும் சொந்தமில்லாமல் கெட்டுப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். இயந்திரம் வரும் நாளிலேயே மூன்று காரியங்கள் செய்யுங்கள். சாவி ஒருவர் கையில் இருக்கட்டும். அவரிடம் பழகிக்கொண்ட இருவர் மட்டும் ஓட்டட்டும். வெளியாருக்குக் கொடுத்தால் வாடகை வாங்கி, அந்தப் பணத்தை எண்ணெய்க்கும் சீலுக்கும் சங்கிலிக்குமென்று தனியாகக் கணக்கு வையுங்கள். அந்தக் கணக்கை வருடாந்திரக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

ஆலயத்துக்கு விறகு பிளப்பது புண்ணிய காரியம். பந்தியில் உட்காரும் பிள்ளைகளின் வயிறு நிறைய வேண்டும். அந்த விறகைப் பிளந்தவரும் இரண்டு கையும் பத்து விரலுமாக அதே பந்தியில் வந்து உட்கார வேண்டும். அடுத்த கூட்டத்தில் இயந்திரப் பேச்சு எழுந்தால், பணம் திரட்டும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு விறகுக் குவியலுக்குப் போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.